இருட்டாக இருக்கத் தெரிந்த சாயம்

பள்ளி ஆய்வகத்தில் பியூரெட்டைப் பிடித்தவர்களுக்குப் பினாப்தலீன் மறந்திருக்காது. காரம் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருக்கும். கூம்புக் குடுவையில் ஒன்றும் நடக்காது. ஏதோ ஒரு சொட்டில் கரைசல் முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும். அந்த நிறங்காட்டியை 1871இல் முதன்முதலாகச் செய்தவர் ஜெர்மனியின் அடால்ஃப் ஃபான் பேயர். தாலிக் அன்ஹைட்ரைடோடு பீனாலைச் சேர்த்துச் சூடாக்கினார், பினாப்தலீன் கிடைத்தது. அதே ஆண்டில் பீனாலுக்குப் பதிலாக ரிசார்சினாலைப் போட்டுப் பார்த்தார். இம்முறை கிடைத்த பொருள், காரநீரில் கரைத்து வெளிச்சத்தில் வைத்தால் கண்ணைப் பறிக்கும் பச்சையாக ஒளிர்ந்தது. இன்று நாம் ஃப்ளூரசீன் என்று சொல்லும் சாயம் அதுதான்.

இரண்டு மூலக்கூறுகளுக்கும் கிட்டத்தட்ட ஒரே சாயல். முக்கியமான வேறுபாடு ஓர் ஆக்சிஜன் அணு. ஃப்ளூரசீனில் அது இரண்டு வளையங்களுக்கு நடுவே நின்று, அவற்றைத் தட்டையாக, அசையவிடாமல் பிணைத்திருக்கிறது. பினாப்தலீனில் அந்தப் பிணைப்பு இல்லை. அதன் வளையங்கள் தம் போக்கில் திரும்பும். ஒளியிலிருந்து வாங்கிய ஆற்றலை அந்த அசைவிலேயே வெப்பமாகச் செலவழித்துவிடும். ஃப்ளூரசீனுக்கு அந்த வழி அடைபட்டிருப்பதால், விழுங்கும் நூறு ஒளித்துகள்களுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒளியாகவே திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

இப்படி ஒளியை வாங்கிச் சில நானோ நொடிகளுக்குள் இன்னொரு நிற ஒளியாக வெளிவிடுவதுதான் ஒளிர்தல். கொயினா கரைசலில் தெரிந்த நீலச் சாயலை 1845இல் ஜான் ஹெர்ஷல் எழுதிவைத்தார். 1852இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் அதன் விதியைச் சொன்னார்: வெளிவரும் ஒளியின் அலைநீளம் உள்ளே போன ஒளியினுடையதைவிட அதிகமாக இருக்கும், ஏனென்றால் வழியில் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகப் போய்விடுகிறது. கடைகளில் கள்ளநோட்டைப் பிடிக்க வைத்திருக்கும் புறஊதா விளக்கின் கீழ் நோட்டின் எண்கள் மின்னுவதும், சலவைத்தூளில் கலந்த வெண்மையூட்டியால் வேட்டி பளிச்சிடுவதும் இதே விதிப்படிதான்.

வேதியியலருக்கு இந்த நிற வேறுபாடு பெரிய வரம். ஃப்ளூரசீன் நீல ஒளியை வாங்கிப் பச்சையை வெளிவிடுகிறது. ஒரு வடிகட்டியால் நீலத்தை முழுக்கத் தடுத்துவிட்டால், மிஞ்சுவது கும்மிருட்டுப் பின்னணியில் அந்தப் பச்சை மட்டும். சாதாரண நிறத்தை அளக்கும்போது பிரகாசமான இரண்டு ஒளிகளுக்கு இடையிலுள்ள மெல்லிய வித்தியாசத்தைத் தேட வேண்டியிருக்கிறது. இங்கே பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறோம். அதனால்தான் மிகக் குறைந்த அளவும் தெரிகிறது. 1877இல் ஜெர்மனியில், டான்யூப் ஆறு மண்ணுக்குள் மறையும் ஓரிடத்தில் 10 கிலோ ஃப்ளூரசீனைக் கொட்டினார்கள். இரண்டரை நாள் கழித்து, ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தள்ளி ஆக் நதியின் ஊற்றுநீர் பச்சையாக ஒளிர்ந்தது. இரண்டு நீரும் ஒன்றே என்று நிரூபணமாயிற்று.

ஆனால், ஒரு பொருள் இருக்கிறதா இல்லையா என்று கண்டறியும் வேலைக்கு ஃப்ளூரசீனின் இந்தத் தாராளம் உதவாது. சர்க்கரை நோயாளியின் விழித்திரையைப் பரிசோதிக்கக் கண் மருத்துவமனைகளில் கையின் ரத்தக்குழாயில் ஃப்ளூரசீனைச் செலுத்திப் படமெடுக்கிறார்கள். ரத்தம் எங்கே கசிகிறது என்பதை அது காட்டும். ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லாது. எப்போதும் எரிகிற விளக்கிடம் கேள்வி கேட்க முடியாது. இங்கே சோடியம் இருக்கிறதா, குளுக்கோஸ் எவ்வளவு, கால்சியம் இப்போது ஏறுகிறதா என்று கேட்க வேண்டுமானால், தேடும் பொருள் இல்லாதபோது அணைந்தும், வந்ததும் எரிந்தும் காட்டும் மூலக்கூறு வேண்டும். அதை ஒளிர்காட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒளிரும் சாயத்தைச் செய்வது 19ஆம் நூற்றாண்டிலேயே கைவந்த வித்தை. அதை இருட்டாக வைத்திருப்பதுதான் இந்தத் துறையின் உண்மையான கண்டுபிடிப்பு என்பது என் எண்ணம்.

முதல் ஒளிர்காட்டியை இயற்கையே தந்தது. பலா மரத்தின் வைரத்தில் மோரின் என்ற மஞ்சள் பொருள் இருக்கிறது. தனியாக இருக்கும்போது அதன் ஒளிர்வு மிக மங்கல். அலுமினிய அயனியைப் பற்றிக்கொண்டால் பச்சையாக ஒளிரும். 1867இல் ஃப்ரீட்ரிக் கோப்பல்ஸ்ரோடர் இதைக் கொண்டு அலுமினியத்தைக் கண்டறிந்தார். ஆனால் அது தானாக அமைந்தது. வேண்டிய பொருளுக்கு வேண்டியபடி ஒளிர்காட்டியைத் திட்டமிட்டுக் கட்டும் முறை வர நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

அந்த முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது எலக்ட்ரான் தாவலை நம்பியது. மூலக்கூறில் மூன்று பகுதிகள்: ஒளிரும் பகுதி, பொருளைப் பிடிக்கும் பகுதி, இரண்டையும் ஒட்டிவிடாமல் சற்றே விலக்கி வைக்கும் ஒரு குட்டி இணைப்பு. பிடிக்கும் பகுதியில் ஒரு நைட்ரஜன் அணு. அதனிடம் யாரோடும் பகிராத ஓர் எலக்ட்ரான் இணை. ஒளி பட்டதும் ஒளிரும் பகுதியில் ஓர் எலக்ட்ரான் மேல்மட்டத்துக்குப் போகிறது. கீழே அதன் இடம் காலியாகிறது. அது திரும்பிவந்து அந்த இடத்தில் அமரும்போதுதான் ஒளி பிறக்கும். கூட்டமான பேருந்தில் ஒருவர் எழுந்த மறுகணம் பக்கத்தில் நின்றவர் அந்த இருக்கையில் உட்கார்ந்துவிடுவதுபோல, நைட்ரஜனின் எலக்ட்ரான் காலி இடத்தில் தாவி உட்கார்ந்துவிடுகிறது. மேலே போனதற்குத் திரும்ப வழியில்லை. ஒளிர்வதற்குச் சில நானோ நொடிகள் வேண்டும்; இந்தத் தாவலோ அதைவிடப் பலமடங்கு வேகமாக முடிந்துவிடுகிறது. பிறகு கணக்கு வெப்பமாகத் தீர்கிறது. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இருட்டு.

இப்போது ஒரு சோடியம் அயனியோ ஹைட்ரஜன் அயனியோ வந்து நைட்ரஜனின் அந்த எலக்ட்ரான் இணையைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. தாவ எலக்ட்ரான் இல்லை. போனது தன் இடத்துக்கே திரும்புகிறது, மூலக்கூறு ஒளிர்கிறது.

இதைத் தெளிவான வடிவமைப்பு விதியாக வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் இலங்கையைச் சேர்ந்த பிரசன்ன டி சில்வா. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடித்து, கொழும்புக்கே திரும்பிப் பணியாற்றினார். அங்கிருந்துதான் 1985இல் சக ஆய்வாளர் ருபசிங்கவுடன் சேர்ந்து எலக்ட்ரான் தாவலால் அமிலத்தன்மையைக் காட்டும் ஒளிர்காட்டியையும், அடுத்த ஆண்டு சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகளைப் பிடித்தால் ஒளிரும் மூலக்கூறையும் வெளியிட்டார். பிறகு பெல்ஃபாஸ்டுக்குப் போய்விட்டார். கொழும்பில் தொடங்கிய இந்த வேதியியல் இன்று மருத்துவமனைகளில் இருக்கிறது. எடுத்துச்செல்லக்கூடிய ரத்தப் பரிசோதனைக் கருவி ஒன்றில், ஒருமுறை மட்டும் பயன்படும் சிறு பெட்டிக்குள் ரத்தத்தைச் செலுத்தினால் சோடியமும் பொட்டாசியமும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். பெட்டிக்குள் ஒளிர்வது இதே விதிப்படி கட்டப்பட்ட மூலக்கூறுகள்தான். நம் பக்கத்து நாட்டில் பிறந்த இந்தக் கதை தமிழில் பரவலாகச் சொல்லப்படவில்லை என்பது எனக்கு வருத்தம்.

இங்கே எளிதில் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. பொருளை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறதோ அவ்வளவு நல்ல ஒளிர்காட்டி என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு ஏறக்குறைய 140 மில்லிமோல். இறுக்கமாகப் பிடிக்கும் மூலக்கூறை அதில் போட்டால் எல்லா மூலக்கூறுகளும் உடனே நிரம்பி முழுப் பிரகாசத்தில் நின்றுவிடும். சோடியம் 120 ஆகக் குறைந்து நோயாளி மயங்கிக் கிடந்தாலும் அதே பிரகாசம்தான். அளவு ஏறி இறங்கும்போது ஒளியும் ஏறி இறங்க வேண்டுமானால், எந்த நேரத்திலும் பாதி மூலக்கூறுகள் பிடித்தபடியும் பாதி விட்டபடியும் இருக்க வேண்டும். சோடியத்துக்குத் தளர்ந்த பிடி வேண்டும். அதே ரத்தத்தில் 4 மில்லிமோல் அளவே உள்ள பொட்டாசியத்துக்கோ, முப்பத்தைந்து மடங்கு சோடியத்தைக் கண்டுகொள்ளாமல் தன்னுடையதை மட்டும் பிடிக்கும் கூடு வேண்டும்.

செல்லுக்குள் இருக்கும் கால்சியம் இதற்கு நேர் எதிர்முனை. ஓய்வில் இருக்கும் செல்லில் அது லிட்டருக்கு 100 நானோமோல்தான். வெளியே அதைப்போல் பத்தாயிரம் மடங்கு. தசை சுருங்கவும், இதயம் துடிக்கவும், கணையம் இன்சுலினை விடவும், ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் செய்தி சொல்லவும் இந்த உள் கால்சியம் கணநேரம் உயர்ந்து தாழ்கிறது. அதைப் பார்க்க ஒருகாலத்தில் ஒரு ஜெல்லிமீன் புரதத்தை ஊசியால் செல்லுக்குள் செலுத்தினார்கள். ஊசி தாங்கும் அளவு பெரிய செல்கள் கணவாயின் நரம்பிலும் கொட்டலசின் தசையிலும்தான் இருந்தன. நம் உடம்பின் சாதாரணச் செல்கள் எட்டாக்கனி.

அமெரிக்காவில் பிறந்து கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்துகொண்டிருந்த ராஜர் சியன் இந்தத் தடையை மூன்று படிகளில் உடைத்தார். ஒவ்வொன்றும் தனித்தனியாகவே பாடம் படிக்க வேண்டிய அளவுக்கு அழகானது.

கால்சியத்தை நன்றாகப் பிடிக்கும் ஈஜிடிஏ என்ற பொருள் அப்போதே ஆய்வகங்களில் இருந்தது. அதன் குறை, செல்லின் நடுநிலைக் கரைசலில் அதன் நைட்ரஜன்கள் ஹைட்ரஜன் அயனிகளைச் சுமந்துகொண்டிருப்பது. அவற்றை இறக்கிவிட்டுத்தான் கால்சியத்தை ஏற்க முடியும். அதனால் வேகம் குறைவு, அமிலத்தன்மை சற்று மாறினாலும் பிடி மாறும். சியன் நைட்ரஜன்களின் அருகில் பென்சீன் வளையங்களைப் பொருத்தினார். அந்த வளையங்கள் எலக்ட்ரான்களைத் தம் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொள்வதால், நடுநிலையில் ஹைட்ரஜன் ஒட்டவில்லை. பாப்டா என்ற இந்த மூலக்கூறு 1980இல் வெளிவந்தது. செல்லுக்குள் பத்தாயிரம் மடங்கு அதிகமாக இருக்கும் மக்னீசியத்தை அது ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதன் குழிவு பெரிய கால்சியம் அயனிக்கு அளவெடுத்தது.

இரண்டாவது, உள்ளே போகும் வழி. பாப்டாவில் நான்கு எதிர்மின் சுமைகள். எண்ணெய்த் தன்மை கொண்ட செல் உறையை மின்சுமை உள்ள பொருள் கடக்காது. சியன் அந்த நான்கு முனைகளையும் எஸ்டர் தொகுதிகளால் மூடினார். சுமை மறைந்ததும் மூலக்கூறு உறைக்குள் கரைந்து உள்ளே போய்விடுகிறது. உள்ளே செல்லின் சொந்த நொதிகள் அந்த மூடிகளை வெட்டி எறிகின்றன, சுமை திரும்பிவிடுகிறது, இனி வெளியே வர முடியாது. ஊசி இல்லை, காயம் இல்லை. 1981இல் வந்த இந்த உத்தி இன்றும் நூற்றுக்கணக்கான ஒளிர்காட்டிகளில் அப்படியே பின்பற்றப்படுகிறது. வெட்டப்பட்ட மூடிகளிலிருந்து கொஞ்சம் ஃபார்மால்டிஹைடு வெளிவருகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்; அளவு மீறினால் செல்லுக்குக் கெடுதல்.

மூன்றாவதுதான் என்னை அசரவைப்பது. செல்லின் ஓர் ஓரம் பிரகாசமாகத் தெரிகிறது என்றால், அங்கே கால்சியம் அதிகமா, அல்லது செல் அங்கே தடிமனாக இருப்பதால் சாயம் அதிகமா? 1985இல் சியன் குழு வெளியிட்ட ஃபுரா-2 இதற்கு விடை வைத்திருந்தது. அது கால்சியத்தைப் பிடித்ததும் வெறுமனே பிரகாசமாவதில்லை; எந்த ஒளியை வாங்குகிறது என்பதே மாறுகிறது. 340 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சினால் ஒளிர்வு கூடுகிறது. 380 பாய்ச்சினால் குறைகிறது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பாய்ச்சி ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், சாயம் எவ்வளவு, செல் எவ்வளவு தடிமன், விளக்கு மங்கிவிட்டதா என்பதெல்லாம் மேலும் கீழும் அடிபட்டுப் போகின்றன. மிஞ்சுவது கால்சியத்தின் அளவு மட்டும். அதன் பிடி பாதி நிரம்புவது 200 நானோமோலை ஒட்டி, செல்லின் கால்சியம் ஏறி இறங்கும் இடத்திலேயே. சோடியக் காட்டியின் பிடியோடு ஒப்பிட்டால் இது லட்சக்கணக்கான மடங்கு இறுக்கம். சியனுக்கு 2008இல் நோபல் கிடைத்தது வேறொரு வேலைக்காக, பச்சை ஒளிர்புரதத்துக்காக. ஃபுரா-2 மட்டுமே அவர் செய்திருந்தாலும் அவர் பெயர் நிலைத்திருக்கும்.

அயனிகளுக்கு மின்சுமை உண்டு. பிடிக்க ஒரு பிடிமானம் இருக்கிறது. குளுக்கோஸுக்கு அதுவும் இல்லை. நீரில் கரைந்த, சுமையற்ற ஒரு சர்க்கரையை, அதைச் சுற்றி மொய்க்கும் நீர் மூலக்கூறுகளிலிருந்து பிரித்தறிவது கடினம். உதவிக்கு வந்தது போரானிக் அமிலம். சர்க்கரையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகளோடு அது பிணைப்பு அமைக்கும், வேண்டியபோது விட்டுவிடும். ஆனால் ஒற்றைப் போரானிக் அமிலத்துக்குக் குளுக்கோஸைவிட ஃப்ரக்டோஸ் மேல்தான் பிரியம். 1994இல் ஜப்பானில் செய்ஜி ஷின்காயின் குழுவில் டோனி ஜேம்ஸும் சந்தனாயக்கவும் இரண்டு போரானிக் அமிலங்களைக் குளுக்கோஸின் இரு பக்கத்துக்கும் பொருந்தும் இடைவெளியில் ஓர் ஆந்த்ரசீனில் பொருத்தினார்கள். சந்தனாயக்க அதற்கு முன்பே டி சில்வாவோடு சேர்ந்து ஆய்வுக்கட்டுரைகள் எழுதியவர்; நைட்ரஜன் அணைக்கும் அதே உத்தி இங்கும் வந்தது.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று 2023இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது. அதனால் இந்த வேதியியல் அடுத்துப் போன இடம் நமக்கு முக்கியம். விரலில் குத்திப் பார்க்கும் பட்டையும், கையில் ஒட்டிக்கொள்ளும் பெரும்பாலான உணர்விகளும் நொதியை நம்பியவை. 2018இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்த எவர்சென்ஸ் வேறு வகை: மேல்கைத் தோலுக்கடியில் மருத்துவர் பொருத்தும் சிறு உருளை, உள்ளே ஒரு விளக்கு, மேலே போரானிக் அமிலமும் ஆந்த்ரசீனும் கோத்த ஒளிர்காட்டி. மின்கலம் உள்ளே இல்லை. தோலின் மேல் ஒட்டிய கருவியிலிருந்தே அதற்கு ஆற்றல் போகிறது. தொடக்கத்தில் ஓர் உருளை 90 நாள் உழைத்தது. 2024இல் அனுமதி பெற்றது ஓர் ஆண்டுக்கு.

90 நாளுக்கு மேல் ஏன் முதலில் போகவில்லை என்பதில்தான் வேதியியல் இருக்கிறது. உடம்பு அந்நியப் பொருளைக் கண்டால் நோயெதிர்ப்புச் செல்களை அனுப்பும். அவை ஹைட்ரஜன் பெராக்சைடை உமிழும். பெராக்சைடு போரானிக் அமிலத்தை ஆக்சிஜனேற்றிக் கார்பனிலிருந்து போரானைக் கழற்றிவிடும். அங்கே வெறும் ஹைட்ராக்சில் மிஞ்சும். பிடிக்கும் கை போயிற்று. இதைத் தடுக்க, பெராக்சைடை உடைக்கும் பிளாட்டினப் பூச்சைச் சேர்த்தார்கள். பின்னர், அடியைத் தான் வாங்கிக்கொள்ளும்படி உபரிப் போரானிக் அமிலத்தையும் கலந்தார்கள்.

அதே விபத்தை இன்னொருவர் கருவியாக்கினார். பெர்க்லியில் கிறிஸ்டோபர் சாங் 2004இல், ஃப்ளூரசீன் சட்டகத்தின் இரு முனைகளிலும் போரான் தொகுதிகளைப் பூட்டி இருட்டாக்கினார். பெராக்சைடு வந்து அவற்றைக் கழற்றினால் ஃப்ளூரசீன் விடுதலையாகிப் பச்சையாக ஒளிரும். பேயரின் சாயம்தான், பூட்டு மட்டும் புதிது. குளுக்கோஸ் உணர்வியை அரித்த வினையே பெராக்சைடைக் கண்டறியும் வினையாயிற்று.

ஒளிர்வு அணைவதையே செய்தியாக்கும் வழியும் உண்டு. எம்ஐடியில் டிமோத்தி ஸ்வேகர் கட்டிய ஒளிரும் பாலிமரில் ஒரு டிஎன்டி மூலக்கூறு எங்கே ஒட்டினாலும் சங்கிலியின் நெடும்பகுதி அணைந்துவிடும். வெடிமருந்தின் ஆவியைக்கூட அது உணர்கிறது. ஆயினும் பொதுவாக அணைவதை நம்புவது ஆபத்து. ஒளிர்வை அணைக்க ஆயிரம் காரணங்கள் உண்டு.

ஏற்றுவதற்கும் பொய்க் காரணங்கள் உண்டு என்பதைத் துறையே மெல்லத்தான் கற்றது. 1998இல் டோக்கியோவில் டெட்சுவோ நகானோ குழு, ரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு என்ற சின்னஞ்சிறு வாயுவுக்கு டிஏஎஃப்-2 என்ற ஒளிர்காட்டியைத் தந்தது. சில நொடிகளே வாழும் அந்த வாயு ஆக்சிஜனேறியதும் திரும்பிப் போகமுடியாதபடி அதோடு வினைபுரிந்து அதை ஒளிரவைக்கும். அருமையான வேலை. ஆனால் வைட்டமின் சி ஆக்சிஜனேறிக் கிடைக்கும் பொருளும் அதோடு வினைபுரிந்து ஒளிரும் பொருளைத் தரும் என்பது சில ஆண்டுகளில் தெரியவந்தது. இதைவிட மோசமான நிலை, செல்லின் ஆக்சிஜனேற்ற நெருக்கடியை அளக்க உலகெங்கும் ஆய்வகங்கள் வாங்கும் டிசிஎஃப்எச் சாயத்துடையது. அது பெராக்சைடோடு நேரடியாக வினைபுரிவதில்லை. இரும்போ பெராக்சிடேஸ் நொதியோ இடையில் வேண்டும். போதாததற்கு, தன் வினையின் நடுவில் தானே பெராக்சைடைப் பிறப்பிக்கிறது. தேடவேண்டிய பொருளைத் தேடும் கருவியே உண்டாக்கினால் அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு? 2022இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, இத்தகைய அளவீடுகளை எப்படிச் செய்ய வேண்டும், எப்படிச் செய்யக் கூடாது என்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டார்கள். அதன்பின்னும் அந்தச் சாயத்தின் பச்சைப் படங்களை மட்டுமே சான்றாகக் காட்டும் கட்டுரைகள் வருவது வருத்தத்துக்குரியது.

புதிய ஒளிர்காட்டி ஒன்றைப் பற்றிப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது அழகான ஒளிர்வுப் படத்தை அல்ல. சோதனை வெறும் கரிமக் கரைப்பானில் நடந்ததா, நீரில் நடந்ததா? சாயம் போடாத செல்லின் படம் பக்கத்தில் இருக்கிறதா? செல்லிலேயே இயல்பாக ஒளிரும் பொருள்கள் உண்டு. நைட்ரிக் ஆக்சைடு என்றால், அதை உண்டாக்கும் நொதியைத் தடுத்தபோது ஒளிர்வு அணைந்ததா? தேடும் பொருளை வெளியிலிருந்து சேர்த்தபோது ஏறியதா? அந்த அணைந்த படங்கள் பல கட்டுரைகளில் இணைப்புக் கோப்பின் கடைசிப் பக்கங்களில்தான் கிடைக்கும்.